பிஎச் 3.6-இல் நின்றுவிட்ட உணவுக்கழிவு நொதித்தல்

வணக்கம். பெங்களூரு விடுதியொன்றில் மிஞ்சிய சோற்றையும் சாம்பாரையும் மூடிய கலனில் நொதிக்க வைத்து, பியூட்டிரிக் அமிலத்தை எதிர்பார்த்த உங்களுக்கு, கலவையின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.6-இல் நின்றுபோய் லாக்டிக் அமிலமே கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நுண்ணுயிர்க் கலவை கெட்டுவிட்டதாக நான் கருதவில்லை. எவை வளர வேண்டும் என்பதை அமிலத்தன்மையே முடிவு செய்திருக்கிறது.

மாவுச்சத்து சர்க்கரையாக உடைந்ததும் முந்திக்கொண்டு பெருகுபவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். பிஎச் 3.6-இல் அந்த அமிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அயனியாகப் பிரியாமல் இருப்பதால், அது உயிரணுச் சவ்வை எளிதில் கடந்து, உள்ளே புரோட்டானை விடுவிக்கிறது. அதை வெளியேற்றுவதிலேயே ஆற்றல் தீர்ந்துவிடுவதால், பியூட்டிரிக் அமிலம் தரும் கிளாஸ்டிரிடியம் என்னும் பாக்டீரியா இனங்கள் வளர இயலாமல் நின்றுவிடுகின்றன. இட்லி மாவு புளித்தபின் பல கேடு செய்யும் கிருமிகள் அதில் அடங்கிப்போவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

ஆகவே பிஎச்சை 5.5-க்கும் 6-க்கும் இடையில் நிறுத்துங்கள். அமிலம் தொடர்ந்து உருவாகும் என்பதால் ஒரே தடவை காரம் சேர்ப்பது போதாது; நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தொடக்க நாள்களில் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். சேர்ந்திருக்கும் லாக்டிக் அமிலத்தைக் கொட்டிவிடாதீர்கள். கிளாஸ்டிரிடியம், மெகாஸ்ஃபேரா போன்ற பாக்டீரியாக்களுள் சில அதையே பியூட்டிரேட்டாகவும் (பியூட்டிரிக் அமிலத்தின் அயனி வடிவம்), சூழல் வாய்த்தால் ஆறு கரிம அணுக்கள் கொண்ட கேப்ரோயேட்டாகவும் மாற்றவல்லவை. நுண்ணுயிர்களைத் தருவதற்காகக் கழிவுநீர்ச் சேற்றைச் சேர்ப்பதானால் முதலில் அதைச் சூடாக்குங்கள்: கிளாஸ்டிரிடியத்தின் வெப்பம் தாங்கும் உறங்குநிலை வித்துகள் (ஸ்போர்கள்) பிழைத்துக்கொள்ளும், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் மடியும். அவ்வாறு சூடாக்காத சேற்றில் பிஎச்சை 7 வரை உயர்த்தினால், நீங்கள் விரும்பும் அமிலங்கள் காலப்போக்கில் மீத்தேனாகிப் போய்விடும்.

கலனை 35 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருங்கள்; ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும் என்பதால் வாயுப்போக்கி கட்டாயம் தேவை, அருகில் நெருப்பு கூடாது.