பிரேக் ஆயில் மாற்றியபின் கிளட்ச் பெடல் தரையோடு நிற்கிறது, பிரேக் சரியாக இருக்கிறது

கிளட்ச் போய்விட்டதென்று கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். கிளட்ச் லைனில் காற்று புகுந்திருக்கும், அதையும் பிளீட் செய்யுங்கள், அதாவது ஆயிலோடு காற்றை வெளியேற்றுங்கள்.

பல கார்களில் இரண்டுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். கிளட்சுக்குப் போகும் குழாய் அதன் பக்கவாட்டில், சற்று உயரத்தில் இருக்கும். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது, கிளட்ச் மட்டும் காற்றை இழுத்துவிடும்.

கிளட்ச் பெடலைப் பலமுறை அடித்துப் பாருங்கள். கொஞ்சம் கெட்டியானால் பெரும்பாலும் காற்றுதான்.

அப்புறம் டப்பாவை நிரப்பி, ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, ஸ்லேவ் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தில் கிளட்சை இயக்கும் சிலிண்டர்) நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்து மூடுங்கள். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். தானாக எழவில்லையென்றால் கையால் தூக்குங்கள். குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள், இடையிடையே மட்டத்தைப் பாருங்கள்.

டப்பா மூடியில் டாட் 4 என்று ஆயில் வகை போட்டிருந்தால் டாட் 5 ஊற்றவே கூடாது, அது சிலிகான். குமிழி நின்றும் பெடல் இறங்கினால் சீல் போயிருக்கும், வண்டியை எடுக்காதீர்கள்.