மட்டக்களப்பில் வீட்டுக்குள் சிம்பிடியம் ஓர்க்கிட் பூக்குமா?

கேள்வி: நுவரெலியாவில் ஒரு சிம்பிடியம் ஓர்க்கிட் வாங்கி வந்து மட்டக்களப்பில் வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். எந்த மாதத்தில் எவ்வளவு குளிர் கொடுத்தால் மறுபடி பூக்கும்?

இதே வகைக் கன்றை இதே ஊரில் நான் மூன்று வருடம் வளர்த்தேன். எங்கள் வீடு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். இலையில் ஒரு குறையும் இல்லை, வருடா வருடம் புதுக் குருத்து விட்டது. பூ மட்டும் வரவே இல்லை. உரத்தை மாற்றிப் பார்த்தேன், சாடியை மாற்றினேன், யன்னலை மாற்றினேன். கடைசியில், ஒரு நாளின் அதிகூடிய, அதிகுறைந்த வெப்பநிலையைக் காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கிச் சாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். வைகாசியில் பகல் 33, இரவு 28. மார்கழி அடைமழையில்கூட விடியற்காலை 24 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. அப்போதுதான் விஷயம் புரிந்தது.

சிம்பிடியத்துக்குப் பகலை விட இரவுதான் முக்கியம். கடைகளில் கிடைக்கும் பெரிய பூக் கலப்பினங்களின் மூதாதைகள் இமயமலைச் சரிவுக் காடுகளில் வளர்பவை. அங்கே கோடையில் மழையும் வெதுவெதுப்பும் இருக்கும். மழை விட்டதும் வானம் வெளித்து, இரவுகள் குளிரத் தொடங்கும். அந்த மாற்றத்தை உணர்ந்துதான் கன்று பூந்தண்டை உண்டாக்குகிறது. பகலில் 20 முதல் 25, இரவில் 10 முதல் 14 பாகை என்று பல வாரங்கள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். மொட்டு வந்த பிறகும் குளிர் தேவை. அந்த நேரத்தில் சூடு ஏறினால் மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். இரவு வெக்கையாக இருந்தால் இன்னொரு நட்டமும் உண்டு: பகலில் இலை தயாரித்த சர்க்கரையை இரவுச் சுவாசமே தின்று தீர்த்துவிடும். பூவுக்கு மிஞ்சாது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை பாகை குறையும் என்று வைத்துக்கொண்டால், நமக்கும் அவர்களுக்கும் 12 பாகை வித்தியாசம். அந்த 12 பாகையைத்தான் நாம் வீட்டுக்குள் உண்டாக்கப் பார்க்கிறோம்.

ஏசி அறையில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நான் வைத்துப் பார்த்தேன். ஐப்பசியிலிருந்து இரண்டு மாதம், ஒவ்வொரு இரவும் படுக்கையறைக்குள் எடுத்து வைத்து, காலையில் விறாந்தைக்குக் கொண்டுபோனேன். மனிதர் தூங்குகிற அறையை 20 பாகைக்குக் கீழே கொண்டுபோவது கஷ்டம், சிம்பிடியத்துக்கு அந்த 20 போதாது. ஏசி காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுவதால் இலை நுனிகள் கருகின. ஆனால் அதே அறையில் நின்ற வண்ணத்துப்பூச்சி ஓர்க்கிட், பெலனொப்சிஸ் என்பார்களே, அது தை மாதம் பூந்தண்டு விட்டது. அதற்குப் பத்துப் பாகைக் குளிரெல்லாம் வேண்டாம். சில வாரங்கள் 25, 26 பாகைக்கு மேல் போகாமல் இருந்தாலே போதும். 28க்கு மேல் நின்றால் இலை மட்டும்தான் விடும். நம் மாரி காலமும் இரவு ஏசியும் சேர்ந்தால் அதற்குச் சரியாக அமைந்துவிடும். வீட்டுக்குள் பூ வேண்டுமென்றால் நான் சொல்வது அதைத்தான்.

டென்ட்ரோபியம் ஓர்க்கிட் வாங்குவதென்றால் கொஞ்சம் கவனம். தண்டின் உச்சியில் நீளமான பூங்கொத்து விடும் வகை நம்ம ஊர்ச் சூட்டில் விறாந்தையிலேயே பூக்கும். தண்டு நெடுகக் கணுக்களில் பூக்கும் நோபிலி வகைக்குக் குளிரும் தண்ணீர்க் குறைப்பும் வேண்டும். கிடைக்காவிட்டால் பூ வர வேண்டிய கணுவில் குட்டிக் கன்று முளைக்கும். மஸ்டிவாலியா என்ற ஓர்க்கிட் பக்கம் போகவே வேண்டாம். அது அந்தீஸ் மலை மேகக் காட்டுச் செடி. நீரைச் சேமிக்கும் கிழங்குத் தண்டு அதற்குக் கிடையாது, நம் ஊரின் சூடான, காய்ந்த கச்சான் காற்றுக்குத் தாங்காது.

சரி, உங்கள் கையில் இப்போது இருக்கும் கன்று? முடிந்தால் மலைநாட்டுக்கு அனுப்புங்கள். வெலிமடையில் என் சின்னம்மா இருக்கிறார். செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் அதே ஏ5 பாதைதான் வெலிமடை, நுவரெலியா வழியாகப் பேராதனை வரை போகிறது. ஆவணி விடுமுறையில் என் கன்றைக் கொண்டுபோய் அவர் வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டு வந்தேன். மார்கழியில் தொலைபேசியில் கூப்பிட்டார்: "மகள், அடியில புதுசாய் ஒரு முளை வருது, இலைக்குருத்து மாதிரித் தெரியல்ல." நுனி கூராகத் தட்டையாக இருக்கிறதா, உருண்டு தடித்திருக்கிறதா என்று கேட்டேன். உருண்டுதான் இருக்கிறது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாசியில் இளம்பச்சைப் பூக்கள், ஒரே தண்டில் பதினொன்று. பூ விரிந்த பிறகு இங்கே கொண்டுவந்து மூன்று வாரம் மேசையில் வைத்திருந்து, திரும்ப அனுப்பினேன்.

அப்படி அனுப்ப யாரும் இல்லையென்றால், இலைக்காக வளர்க்கலாம். கச்சான் அடிக்கும் மாதங்களில் மேற்கு யன்னலில் வைக்காதீர்கள், கொங்கிறீற் சுவர் இரவிலும் சூட்டைக் கக்கும். மண்சாடியில் தேங்காய்ப் பொச்சுத் துண்டும் கரியும் போட்டு, ஈர மணல் தட்டின் மேல் கல் வைத்து அதில் நிறுத்துங்கள். காற்று காய்ந்திருக்கும் அந்த மாதங்களில் அது இரண்டொரு பாகை குறைத்துத் தரும். மாரியில் அந்தத் தட்டால் பயனில்லை, எடுத்துவிடலாம். அனுப்புவதென்றால் புரட்டாதிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள், குளிர் தொடங்கும்போது கன்று மேலே இருக்க வேண்டும்.