வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் தள்ளாடினால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கேன் அல்ல

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. பல வருடங்களாக வலிப்புக்கு ஃபெனிடாயின் மாத்திரை, இரவில் 300 மி.கி. சாப்பிடுகிறார். கடைசியாக வலிப்பு வந்து ஆறேழு வருடம் இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் தம்பிக்குக் காசநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். தினம் ஒன்று, ஆறு மாதம். மூன்று வாரமாக அப்பா நடக்கும்போது தள்ளாடுகிறார். பேச்சு குழறுகிறது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறார். பகலிலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார். குடியைத் தொடாத மனுஷனைத் தெருவில் குடிகாரன் என்று பேசுகிறார்கள். உள்ளூர் டாக்டர், பக்கவாதமாக இருக்கலாம், மூளை ஸ்கேன் எடுங்கள் என்கிறார். பெரியப்பாவோ, இத்தனை வருஷ மாத்திரை நரம்பைத் தின்றுவிட்டது, இன்றோடு நிறுத்து என்கிறார். நிறுத்தலாமா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நிறுத்தாதீர்கள். ஃபெனிடாயினைத் திடீரென்று நிறுத்தினால், ஆறேழு வருடம் வராத வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக, நினைவு திரும்பாமலே தொடர்ந்து வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. ஆனால் இப்படியே விட்டுவிடவும் கூடாது. நாளைக் காலை மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும், காசநோய் மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ அப்பாவை அழைத்துப் போங்கள். 'ரத்தத்தில் ஃபெனிடாயின் லெவல் பார்க்க வேண்டும்' என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

ஒரு கை அல்லது கால் சட்டென்று விழுந்துவிட்டால், வாய் ஒரு பக்கம் கோணினால், எழுப்பியும் எழாத அளவுக்கு மயங்கினால் நாளை வரை காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது அப்படி இல்லை. தள்ளாட்டம், குழறல், இரட்டைப் பார்வை, தூக்கம், அதுவும் புது மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில். இந்த வரிசையைப் பார்த்தால் என் சந்தேகம் முழுக்க ஃபெனிடாயின் மேல்தான். மாத்திரையின் எண்ணிக்கை கூடவில்லை, ரத்தத்தில் அதன் அளவு கூடியிருக்கிறது.

அதே 300 மி.கி.தானே, ரத்தத்தில் அளவு எப்படிக் கூடும் என்று கேட்பீர்கள். மற்ற பல மருந்துகளிலிருந்து ஃபெனிடாயின் வேறுபடும் இடம் இதுதான். ஒரே ஒருவர் எடை போடும் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு முப்பது பேர் வரை வந்தால் கூட்டமே தெரியாது. முப்பத்தைந்து பேர் வர ஆரம்பித்தால் வரிசை வாசலைத் தாண்டும், தெருமுனையைத் தாண்டும், நின்றுகொண்டே இருக்கும். ஃபெனிடாயினை உடைத்து வெளியேற்றும் கல்லீரலின் நிலையும் இதேதான். ஓர் எல்லை வரை சமாளிக்கும். அதைத் தாண்டி 300 மி.கி.யை 400 ஆக்கினால், ரத்தத்தில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுவதோடு நிற்காது, இரண்டு மடங்குகூட ஆகலாம். எடை போடுபவரின் ஒரு கையைப் பிடித்து வைத்துக்கொண்டாலும் வரிசை நீளும் அல்லவா? வீட்டில் எல்லோருக்கும் கொடுத்த தடுப்பு மாத்திரை அந்த வேலையைத்தான் செய்கிறது. தினம் ஒன்று, ஆறு மாதம் என்றால் அது அநேகமாக ஐசோனியசிட். ஃபெனிடாயினை உடைக்கும் கல்லீரலின் வேலையை அது மட்டுப்படுத்திவிடுகிறது.

இது புதிதாகத் தெரிய வந்த விஷயமும் அல்ல. காசநோய் மருந்தோடு ஃபெனிடாயின் சாப்பிட்டவர்கள் தள்ளாடியதையும், ஐசோனியசிட்டை மெதுவாக உடைக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கே அது அதிகம் என்பதையும் 1970 வாக்கிலேயே நியூயார்க்கில் கூட் என்ற மருத்துவரின் குழு ஆராய்ந்து எழுதிவிட்டது. யார் வேகமாக உடைக்கிறார், யார் மெதுவாக உடைக்கிறார் என்ற ஆராய்ச்சி நம் சென்னையிலேயே நடந்தது. 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறதே, அங்கேதான். தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவாக உடைப்பவர்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் கையில் இருக்கும் அறிவு இது. அப்படியிருந்தும் வீடு தேடி வந்து தடுப்பு மாத்திரை கொடுப்பவர் கையிலிருக்கும் படிவத்தில் 'வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா' என்ற ஒரு கேள்வி ஏன் எல்லா ஊரிலும் கேட்கப்படுவதில்லை? காசநோய்க்கு ஒரு சீட்டு, வலிப்புக்கு ஒரு சீட்டு, சர்க்கரைக்கு ஒரு நோட்டு. ஒன்றில் எழுதியிருப்பது இன்னொன்றை எழுதுபவருக்குத் தெரியாது. சில இடங்களில் மாத்திரையை உதிர்த்து, பெயரே இல்லாத காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். எந்த மாத்திரை எதோடு மோதுகிறது என்று அந்தக் கவரைப் பார்த்து யார் கண்டுபிடிப்பது? கோபமாகத்தான் வருகிறது.

இனி ஸ்கேன். ஃபெனிடாயின் கூடியிருப்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தள்ளாட்டம் என்று சொல்லிக்கொண்டு ஆளுயரக் கவரில் ஃபிலிம்களோடு வருகிறார்கள். அதில் பாதிப் பேர் கையில் லெவல் பரிசோதனைச் சீட்டு மட்டும் இருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஏஜென்ட்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'மூளையோடு கழுத்தையும் முதுகையும் சேர்த்து எடுத்தால் பேக்கேஜ், இன்றைக்கே இடம் இருக்கிறது, டாக்டர் பெயரைச் சொன்னால் குறைப்பார்கள்' என்பார்கள். குறைப்பதாகச் சொல்லும் அந்தத் தொகைக்கு மேல் ஏஜென்டுக்குக் கமிஷன் போகும். அதோடு முடியாது. பல வருடம் ஃபெனிடாயின் சாப்பிட்டவர்களில் சிலருக்குச் சிறுமூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். அந்த ஒரு வரி ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் போதும், 'மூளை சுருங்குது' என்று வீடே கலங்கிவிடும். பிறகு நரம்புக்கு ஊசி, தலைசுற்றலுக்கு மாத்திரை, சத்துக்கு டானிக். அத்தனை நாளும் ஃபெனிடாயின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். நேரில் பரிசோதித்த மருத்துவர் பக்கவாதச் சந்தேகம் உண்மையிலேயே இருக்கிறது என்று சொன்னால் ஸ்கேன் எடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் லெவலுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு எடுங்கள்.

அந்த ரத்தப் பரிசோதனையை எப்படிச் செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். இரவு மாத்திரை போடுவதற்கு முன், சாயங்காலம் ரத்தம் கொடுத்தால் நல்லது; தள்ளாட்டம் மோசமாக இருந்தால் நேரம் பார்க்க வேண்டாம், உடனே கொடுங்கள். கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தநீரில் 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது வழக்கமான வரம்பு. 20-ஐத் தாண்டினால் கருவிழி தானாக ஆடத் தொடங்கும், 30 வாக்கில் நடை தள்ளாடும், 40-ஐ நெருங்கினால் புத்தி மந்தமாகித் தூக்கம் அழுத்தும் என்று 1964-ல் அதே கூட் குழு எழுதியது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதே ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஃபெனிடாயினின் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும், மீதிதான் வேலை செய்யும். சாப்பாடு குறைந்து ஆல்புமின் இறங்கியவர்களுக்கு ரிப்போர்ட்டில் 15 என்று நல்லபடியாக வந்தாலும் உள்ளே நஞ்சாக இருக்கலாம். பல மாவட்ட ஆஸ்பத்திரிகளில் லெவல் பார்க்கும் வசதி கிடையாது, வெளியே எடுக்கச் சொல்வார்கள். இந்த மருந்து விலை மலிவு. அதைப் பாதுகாப்பாகக் கொடுக்கத் தேவையான பரிசோதனைதான் ஏழைக்கு எட்டுவதில்லை.

இன்னொரு கேள்வி: கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் மாத்திரையின் கம்பெனி மாறியதா? காலிச் சீட்டு பழையது இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். 'அந்தக் கம்பெனி வரலை, இதுவும் அதேதான்' என்று மருந்துக் கடையில் மாற்றிக் கொடுப்பது அன்றாடம் நடக்கிறது. கடைக்காரருக்கு எதில் லாபம் கூடுதலோ அது உங்கள் பைக்குள் வரும். காய்ச்சல் மாத்திரையில் இது பெரிய விஷயமில்லை. ஃபெனிடாயினில் பெரிய விஷயம்தான். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1968-69 வாக்கில், மாத்திரை அளவைக் கூட்டாமலே பல நோயாளிகள் இப்படித் தள்ளாடிக்கொண்டு வந்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில், கேப்சூலில் மருந்தோடு நிரப்பும் பொடியை மட்டும் கம்பெனி மாற்றியிருந்தது தெரிந்தது. முன்பு கால்சியம் சல்ஃபேட், பிறகு லாக்டோஸ். பழைய பொடி மருந்து உடலில் சேர்வதைத் தடுத்துக்கொண்டிருந்தது, புதியது தடுக்கவில்லை. மருந்தின் அளவு அதேதான், ரத்தத்தில் போய்ச் சேர்ந்ததோ வேறு. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல், ஃபெனிடாயின் சாப்பிடுபவர்களுக்கு ஒரே தயாரிப்பையே தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. விலை உயர்ந்த கம்பெனியை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. மலிவானதையே வாங்குங்கள், மாற்றாமல் வாங்குங்கள்.

லெவல் கூடியிருப்பது உறுதியானால் மருத்துவர் ஒன்றிரண்டு வேளை மாத்திரையை நிறுத்திவைத்து, பிறகு அளவைக் குறைத்துக் கொடுப்பார். அதை அவர் செய்ய வேண்டும், நீங்கள் செய்யக் கூடாது. தள்ளாட்டம் மறுநாளே போய்விடாது. அளவு ஏறிய நிலையில் ஃபெனிடாயின் மெதுவாகத்தான் இறங்கும், பல நாள் ஆகலாம். அதுவரை மாடிப்படி, கிணற்றடி, இருசக்கர வண்டி எதுவும் வேண்டாம். இடையில் ஒரு வலிப்பு வந்துவிட்டால், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்ட யாராவது சொல்லக்கூடும். லெவல் பார்க்காமல் கூட்ட விடாதீர்கள்; ஃபெனிடாயின் மிதமிஞ்சினாலும் வலிப்பு வரலாம்.

தம்பிக்கு நடப்பது வேறு சிகிச்சை. அவருக்கும் அப்பாவுக்கும் கொடுப்பது ஒன்றே என்று நினைத்துவிடாதீர்கள். காசநோய் வந்தவருக்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரையில் ஐசோனியசிட்டோடு ரிஃபாம்பிசின் இருக்கும். அது கல்லீரலை முடுக்கி ஃபெனிடாயினை வேகமாக உடைக்க வைக்கும். அந்தக் கூட்டு மாத்திரையோடு ஃபெனிடாயினும் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் இறங்கும், தள்ளாட்டத்துக்குப் பதிலாக வலிப்பு வரும். அளவைக் கூட்டி அதைச் சமாளித்தால், காசநோய் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நின்ற சில வாரங்களில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பும். கூட்டிய அளவு அப்போது நஞ்சாகும். தடுப்பு மாத்திரையிலும் வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம் என்று ஒரு வகை வந்திருக்கிறது. அதில் ரிஃபாம்பிசினின் உறவான ரிஃபாபென்டின் உண்டு, அதுவும் ஃபெனிடாயினை இறக்கும் பக்கம்தான். அதனால் மருத்துவரிடம் 'டிபி மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். தினமா, வாரமா, எத்தனை மாதம் என்று சொல்லுங்கள், சீட்டைக் காட்டுங்கள். அப்பா தடுப்பு மாத்திரையைத் தொடர்வதா, வேறு வகைக்கு மாறுவதா என்பதையும் காசநோய்ப் பிரிவு மருத்துவரும் வலிப்புக்குப் பார்ப்பவரும் பேசி முடிவு செய்யட்டும். அவர்கள் தாமாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் எழுதியதை மற்றவரிடம் நீங்கள் கொண்டு போய்க் காட்ட வேண்டியிருக்கும்.

பெரியப்பா சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1938-ல் பாஸ்டனில் மெரிட், புட்னம் என்ற இரு மருத்துவர்கள் வலிப்புக்கு உதவும் என்று கண்டுபிடித்த மருந்து இது. இத்தனை காலத்தில் கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஈறு தடிப்பது, எலும்பு பலம் குறைவது, நெடுநாள் அளவு மீறினால் சிறுமூளை பாதிப்பது என்று அதற்கு விலையும் உண்டு. அப்பாவின் நடை சரியான பிறகு வேறு மாத்திரைக்கு மாறுவது பற்றி நரம்பியல் மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். மாற்றுவதானாலும் புதியதைக் கூட்டி, பழையதை வாரக்கணக்கில் மெல்லக் குறைத்துத்தான் மாற்றுவார்கள்.

ஃபெனிடாயினைக் குறைத்து ஐசோனியசிட்டைத் தொடரச் சொன்னால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அந்த ஆறு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று வீட்டு நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அது நின்றதும் கல்லீரல் மறுபடி ஃபெனிடாயினை வேகமாக உடைக்கும், குறைத்த அளவு போதாமல் போகும், வலிப்பு வரும். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் போய், மாத்திரையை எப்போது, எவ்வளவு கூட்டுவது, மறுபடி லெவல் எப்போது பார்ப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.