கையை மேலே தூக்கினால் முதுகு ஏன் வலிக்கிறது?

பரணைச் சுத்தம் செய்தபின் தோளைவிட மேல்முதுகுதான் அதிகம் வலிக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையைத் தூக்குவதில் பெரும்பங்கு தோளின் மேல் கவிந்திருக்கும் டெல்டாய்டு தசைக்கு. ஆனால் அது மட்டும் இழுத்தால் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை மேலே ஏறி இடிக்கும். ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு சிறிய தசைகள் அதைக் குழிக்குள் அமுக்கிப் பிடிக்கின்றன.

சரி, முதுகு எங்கே வருகிறது? கை உயரும் சுமார் 180 டிகிரியில் ஏறக்குறைய 120 டிகிரிதான் தோள் மூட்டில் நடக்கிறது. மீதி 60, முதுகிலுள்ள முக்கோணத் தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது. பின்தலையிலிருந்து முதுகில் இறங்கும் ட்ரப்பீசியஸ் தசையும், விலா எலும்புகளிலிருந்து கிளம்பும் செரேட்டஸ் ஆன்டீரியர் தசையும் சேர்ந்து அதைத் திருப்புகின்றன. கையை இறக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தால் இவையும் அவ்வளவு நேரம் இறுகியே நிற்கும். வலி அதனால்தான்.

வீட்டில் யாரையாவது கையை மெல்லத் தூக்கச் சொல்லி, அவரது தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வைத்துப் பாருங்கள். முதலில் அவ்வளவாக அசையாது. கை தோள் உயரத்தை நெருங்கும்போது முனை விரலடியில் வழுக்கி அக்குள் பக்கம் நகர்வது நன்றாகவே தெரியும். சுவரை இரு கைகளாலும் தள்ளும்போது அது இறக்கை போலத் துருத்தினால், செரேட்டஸ் பலவீனமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.