பங்குனி, சித்திரையில் காவேரிப்பாக்கம் ஏரியில் பறவைக் கூடுகளைப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் மரத்தை அண்ணாந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கொக்கு, நாரை போன்றவை வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே பெரும்பாலும் கூடு கட்டும். கோடையில் நீர் வற்றத் தொடங்கியதும் தரையில் முட்டையிடும் பறவைகளின் முறை வருகிறது. நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி இரண்டையும் தேடுங்கள்.

ஆள்காட்டிக்குக் கூடு என்று எதுவும் இல்லை. தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் சில கூழாங்கற்கள், நடுவில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கரும்புள்ளிகள். கூர்முனைகள் உள்நோக்கிச் சேர்ந்திருக்கும். முதன்முறை நான் அதைக் கண்டபோது என் செருப்புக்கும் முட்டைக்கும் இடையே ஒரு சாண் தூரம்தான். அன்றிலிருந்து கரையை விட்டு நான் கீழே இறங்குவதே இல்லை.

வேலூர்ப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைக்கு நிழல் தருகின்றன. நீரில் வயிற்றிறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கவும் செய்கின்றன. நீங்கள் அருகில் நின்றால் பறவை எழுந்துவிடும்; சில நிமிடங்களிலேயே முட்டை சூடேறிக் கரு சாகக்கூடும். அது தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் வந்த வழியே உடனே திரும்புங்கள்.

காலை ஆறு மணிக்கே கரைமேல் இருங்கள். பைனாகுலர் போதும். கூட்டைப் படமெடுக்க நெருங்க வேண்டாம், நாயையும் அழைத்து வராதீர்கள்.