அந்த ஓட்டையை மட்டும் மூடிடாதீங்க!

கேள்வி (கரூர் வாசகர்): சார், பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி (சுத்துற தட்டே இல்லாத புது வகை டிஸ்க்) மாத்துனப்ப கடைக்காரர் பழைய ஹார்ட் டிஸ்க்கை கையில குடுத்துட்டார். உள்ளங்கையில அடங்குது. மேல ஊசி குத்துன மாதிரி ஒரு ஓட்டை, பக்கத்துல மூடாதேன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. டெஸ்க்டாப் டிஸ்க் செங்கல் கணக்கா கனக்குதே, இது எப்படி இவ்ளோ சின்னதாச்சு? கழட்டிப் பாக்கலாமா?

பதில்: முதல்ல ஓட்டை. தூசி உள்ள போயிடும்னு அதுமேல செலோடேப் ஒட்டி வெக்கிறவங்களை நானே பாத்திருக்கேன். உள்ள சுத்துற தட்டுல தகவலை எழுதிப் படிக்கிற ஹெட், அந்தத் தட்டைத் தொடவே தொடாது, தட்டோட சேர்ந்து ஓடுற காத்துதான் அதைத் தூக்கிப் பிடிக்குது, நடுவுல இருக்குற சந்து சில நானோமீட்டர், அதாவது தலைமுடி கனத்துல பல ஆயிரத்துல ஒரு பங்கு. அதே லேப்டாப்பை ஊட்டிக்கு எடுத்துட்டுப் போனா வெளிய காத்தழுத்தம் குறையும், உள்ளயும் வெளியயும் ஒரே அழுத்தம் இருந்தாதான் பெட்டிக்கு நல்லது, அதுக்குத்தான் ஓட்டை. உள்பக்கம் ஃபில்டர் இருக்கு, தூசிக்கு பயப்பட வேணாம்.

சைஸுக்கு வருவோம். லேப்டாப் டிஸ்க்கை ரெண்டரை இஞ்ச்னு சொல்றது தட்டை வெச்சு, அளந்தா சுமார் 65 மில்லிமீட்டர் வரும். பெட்டி அகலம் 70 மில்லிமீட்டர், நீளம் 100. இந்த சைஸ்ல முதல் டிஸ்க் 1988ல ப்ரேரிடெக் கம்பெனி கொண்டு வந்தது, கொள்ளளவு 20 எம்பி, இப்ப வாட்ஸப்ல வர்ற காலை வணக்கம் வீடியோ நாலு போட்டா ரொம்பிடும். டெஸ்க்டாப் டிஸ்க்கோட மோட்டாருக்கு 12 வோல்ட் வேணும், இதுக்கு 5 வோல்ட்டே போதும், அதனாலதான் ஒரு கேஸ்ல போட்டு யூஎஸ்பி கேபிள்ல சொருகினா தனி அடாப்டர் இல்லாமயே ஓடுது. சின்னதுதானேன்னு நினைச்சுடாதீங்க, நிமிஷத்துக்கு 5400 சுத்துன்னா தட்டோட விளிம்பு மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்துல போகுது, நம்ம ஊர் பஸ் வேகம்!

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது ஹெட் ஓய்வெடுக்குற இடம். பழைய டிஸ்க்குகள்ல ஆஃப் பண்ணா ஹெட் தட்டு மேலயே உக்காந்துக்கும். மடியிலயும் பையிலயும் அலையுற லேப்டாப்புக்கு அது சரிப்படுமா? அதனால தட்டு ஓரத்துல சறுக்குமரம் மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் சரிவு வெச்சாங்க, கரண்ட் போனதும் ஹெட் அதுல ஏறி ஒதுங்கிடும், ஆஃப் பண்றப்ப 'டக்'னு கேக்குதே அது இந்த சத்தம்தான். ஐபிஎம் 2003ல இன்னும் ஒரு படி மேல போய் தன்னோட திங்க்பேட் லேப்டாப்ல ஆட்டத்தைக் கண்டுபிடிக்கிற சென்சாரே வெச்சாங்க, லேப்டாப் கைநழுவுனா கீழ விழறதுக்குள்ள ஹெட் ஒதுங்கியிருக்கும்.

கழட்டலாமா? டிஸ்க்ல சேமிச்சு வெச்சதுல ஒரு போட்டோ வேணும்னாலும் தொடாதீங்க, ஒரு தூசி போதும், கதை முடிஞ்சுது. ஒண்ணும் வேணாம்னா தாராளமா கழட்டுங்க, நட்சத்திர தலை ஸ்க்ரூ, ஒண்ணு ஸ்டிக்கருக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், அதை விட்டுட்டு மூடியோட மல்லுக்கட்டாதீங்க. தட்டை மட்டும் வளைச்சுப் பாக்க வேணாம். டெஸ்க்டாப்ல பெரும்பாலும் அலுமினியம், இதுல கண்ணாடி. நான் தகரம்னு நினைச்சு வளைச்சேன், படார்னு சில்லு சில்லா போயிடுச்சு, ரெண்டு நாள் துடைப்பமும் கையுமா இருந்தேன், வீட்ல வாங்குன திட்டு தனி.

கேள்வி (அதே வாசகர்): இதை வேற லேப்டாப்ல போடலாமா?

பதில்: டிஸ்க்கோட தடிமனை அளந்துக்கோங்க. 9.5 மில்லிமீட்டர்னா 7 மில்லிமீட்டர் இடத்துல போகாது, அழுத்தித் திணிக்காதீங்க. 7ஐ 9.5 இடத்துல வெக்கலாம், ஆடாம இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வெச்சுக்கணும்.