கேட்கிறவள் மேல் ஏன் கோபம்?

கேள்வி: மந்திர உலகக் காதல் நாவல் ஒன்றின் முதல் பாகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவள் நான். இரண்டாம் பாகத்தில் அந்த ஜோடியைப் பார்க்கவே சகிக்கவில்லை. போர் நெருங்குகிறது, அவன் ஏதோ ரகசியத்தை மறைக்கிறான். அது பரவாயில்லை, காரணம் இருக்கும். அவள்தான் ‘என்ன மறைக்கிறாய்?’ என்று பக்கத்துக்குப் பக்கம் நச்சரிக்கிறாள். என் கணவருக்கும்தான் வேலையில் ஏதோ பிரச்சினை. நான் கேட்பதையே விட்டுவிட்டேன், வீடு அமைதியாக இருக்கிறது. மூன்றாம் பாகம் படிக்கலாமா, இதோடு விட்டுவிடவா?

பதில்: காதல் கைகூடும் இடத்தில் முதல் பாகத்தை முடித்துவிட்டு, அப்புறம் அந்த ஜோடியை என்ன செய்வதென்று எழுத்தாளர்கள் திணறுவது வழக்கம்தான். ஒரு ரகசியம், நடுவில் ஒரு மூன்றாம் ஆள், இல்லையென்றால் சாபத்தால் நினைவு போய்விடும். சேர்ந்த பிறகு சொல்ல ஒன்றுமில்லை என்று நினைப்பது சோம்பல். வள்ளுவர் காமத்துப்பாலில் களவுக்கு, அதாவது மணத்துக்கு முந்தைய ரகசியக் காதலுக்கு, 7 அதிகாரம் கொடுத்தார்; கற்புக்கு, அதாவது மணத்துக்குப் பிந்தைய காதலுக்கு, 18. அதில் கடைசி மூன்றும் ஊடல்தான். அதனால் அவர்கள் சண்டை போடுவதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. மறைக்கிறவனுக்கு ‘பரவாயில்லை’, கேட்கிறவளுக்கு ‘நச்சரிப்பு’. இது என்ன நியாயம்? அவன் மறைப்பதில் அவள் உயிரும் அடங்கியிருக்கிறது. கேட்காமல் எப்படி இருப்பாள்? முதல் பாகத்திலும் அவன் வாய் திறக்காதவனாகத்தான் இருந்திருப்பான். அப்போது அவன் யாரோ, அந்த மௌனம் உங்களுக்குப் பிடித்தது. கடைசிவரை கூட இருப்பேன் என்று வாக்குக் கொடுத்த பிறகும் அதே மௌனம் என்றால் அது துரோகத்தில் பாதி. அவளுக்கு அது புரிந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘கேட்பதையே விட்டுவிட்டேன்.’ அவராகச் சொல்லட்டும் என்று சில நாள் காத்திருந்தால் அது பொறுமை. விட்டுவிட்டேன் என்பது கைகழுவல். கூட வாழ்கிற மனிதர் தனியாகச் சுமப்பது தெரிந்தும் வீடு அமைதியாக இருக்கிறது என்று திருப்திப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தப்பு அவர் மேலும் உண்டு. குடும்பத்தையே பாதிக்கக்கூடிய விஷயத்தை மறைக்க கணவனுக்கும் உரிமை இல்லை, மனைவிக்கும் இல்லை. ஆனால் கடிதம் எழுதியது நீங்கள். நீங்கள் நிறுத்திவிட்ட வேலையை அந்தப் பெண் நிறுத்தாமல் செய்கிறாள், அதுதான் உங்களைக் குத்துகிறது சகோதரி.

மூன்றாம் பாகத்தைப் படியுங்கள். உண்மை வெளியே வந்த பிறகு இருவரும் சேர்ந்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேயும் எழுத்தாளர் நழுவினால் தாராளமாக மூடி வைத்துவிடலாம். அதற்கு முன் இன்று இரவு கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேலையில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வார். நாளைக்கும் கேளுங்கள்.